எமன் மூக்கில் ஒட்டிய கறுப்பு

பழனியாண்டியின் இடது கன்னம் வீங்கியபோது வெள்ளைக்கல் தோட்டமே கைதட்டியது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு மனிதருக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் பணிஸ் ரொட்டி மாதிரி உப்பி வருகிறது என்றால், பார்க்கிறவர்கள் பல்வலியா, காய்ச்சலா, டிஸ்பென்சரிக்குப் போனீர்களா என்று கேட்க வேண்டும். அதுதான் மனுசத்தனம். இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் அப்படிக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இந்த வருசம் எமன் வேசம் அமர்க்களம் என்றார்கள். கன்னத்துக்குள் எதை வைத்து அடைத்திருக்கிறார் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். பஞ்சு என்றது ஒரு கட்சி. அவித்த உருளைக்கிழங்கு என்றது இன்னொரு கட்சி.

மாசி மாதம் அங்கே காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்த கதையைத் தப்பு முழங்க ஆடிக் காட்டி, பௌர்ணமியில் காமனை எரித்து, அதற்குப் பிறகு உயிர் எழுப்புவார்கள். ரதிக்கும் மதனுக்கும் வருசத்துக்கு வருசம் ஆள் மாறும். எமன் மட்டும் மாறுவதில்லை. பகலெல்லாம் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற பழனியாண்டி, மீசையை ஒட்டிக் கிரீடத்தை வைத்துவிட்டால் எமன்தான். அவர் சிரிக்கிற சிரிப்பு பக்கத்து டிவிசனில் கட்டியிருக்கிற மாடுகளுக்குக் கேட்டு, அவை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கியமானவர் பழனியாண்டிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கூத்து நடக்கிற நாட்களில் அந்தி சாயும்போது எமன் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று பாசக்கயிற்றைச் சுழற்றிச் சிரிப்பார். வீட்டுக்காரர்கள் இனிப்பாக ஏதாவது தட்டில் வைத்து நீட்டி, இந்த வருசம் எங்கள் பக்கம் வந்துவிடாதே சாமி என்று கும்பிடுவார்கள். எமன் அதை அங்கேயே, அவர்கள் கண் முன்னால், மிச்சம் வைக்காமல் தின்றாக வேண்டும். தின்னாமல் போனால் அந்த வீட்டின் மேல் அவருக்கு ஒரு கண் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல், அடுத்த வீட்டில் ரவா லட்டு, அதற்கடுத்த வீட்டில் சீனி தூக்கலாகப் போட்ட பாயசம். படுக்கையில் யாராவது கிடக்கிற வீடு என்றால் இரண்டு தட்டு வரும்.

அப்படிப்பட்ட எமனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது.

அவர் மனைவி அம்மாக்கண்ணு கொழுந்து பறிக்கிறவள். கிளினிக் தினத்தில் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதும், தேத்தண்ணியில் சீனி போடாமல் கொடுத்து வசவு வாங்குவதும் அவள்தான். மாசி பிறந்தாலே வீடு வீடாகப் போய், என் புருசனுக்கு இனிப்பு கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். யார் கேட்டார்கள்? அவரவர்க்கு அவரவர் உயிர். எமனுக்குச் சீனி ஏறினால் நமக்கென்ன, நம் வீட்டுக்கு வராமல் இருந்தால் சரி என்று லட்டைப் பெரிதாக உருட்டினார்கள், பாவிகள்.

முதலில் மேல்பல் வலி என்றார் பழனியாண்டி. அழகுமுத்து கண் வைத்துவிட்டான் என்றார். அழகுமுத்து என்பவன் தப்படிக்கிறவன். எமன் வேசத்துக்காக ஏழெட்டு வருசமாகக் காத்திருக்கிறவன். கொல்லைப்புறத்தில் நின்று எமன் சிரிப்பைப் பழகி, கோழிகளை முட்டையிடாமல் பண்ணியவன். பழனியாண்டிக்கு லேசாகச் சளி, தடிமன் பிடித்தாலும் முதலில் வந்து நலம் விசாரிப்பான். அந்த விசாரிப்பில் இருந்த ஆசையைப் பார்த்தால் யாருக்கும் உடம்பு எரியும்.

பல்வலிக்குப் பின்னால் கன்னம் வீங்கியது. கூத்து மாஸ்டர் சிங்காரம் அதைப் பார்த்துப் பூரித்துப் போய், வலது கன்னத்தையும் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அடுத்து இடது கண்ணிமை பாதி இறங்கி அப்படியே நின்றது. அரைக்கண் பார்வை, இதுதான் நடிப்பு என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பேசிக்கொண்டார்கள். பிறகு இடது மூக்கு ஓரத்தில் கறுப்பு. எமன் முகம் முழுக்க விளக்குக் கரியையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் பூசுவதுதானே வழக்கம், ஆகவே அதை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. மூக்கிலிருந்து இரத்தம் கலந்த சளி வடிந்தபோது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. அன்றைக்குத்தான் மாஸ்டர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பழனியாண்டிக்கும் பெருமை பிடிபடவில்லை. காய்ச்சல் கொதிக்கிறது, தலை இடிக்கிறது, மனிதர் கண்ணாடி முன்னால் நின்று வீங்கிய கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து ரசிக்கிறார். அம்மாக்கண்ணு இரண்டு பனடோல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்குச் சந்தேகம் வந்தது பீலிக்கரையில். ஆட்டம் முடிந்து வந்ததும் அவர் முகத்துக் கரியைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் தேய்த்துக் கழுவிவிடுவது அவள் வேலை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் இழுத்தால் கரி வழித்துக்கொண்டு வந்துவிடும். அன்றைக்கு நெற்றி வெளுத்தது, தாடை வெளுத்தது, மூக்கோரம் மட்டும் வெளுக்கவில்லை. மேலும் எண்ணெய் வைத்தாள். சவர்க்காரம் போட்டாள். நகத்தால் சுரண்டினாள். பழனியாண்டி ஆவென்று கத்தவில்லை. அவள் சுரண்டியதே அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதராக நின்றுகொண்டு, மறுநாள் எந்த லயத்துக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

அம்மாக்கண்ணு சுரண்டுவதை நிறுத்தினாள். சும்மா ஒரு துரும்பு பட்டாலே ஊரைக் கூட்டுகிற மனிதர் அவர்.

விடிந்ததும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பழனியாண்டி காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். கூத்துக்கு வேசம் போடுகிறவர்களுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவன் காமன் உயிர் எழும்புகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எரிந்த மதன் எரிந்தபடியே கிடப்பான், ரதி தாலியறுத்தவளாகவே நிற்பாள், தோட்டத்துக்கு ஆகாது. இது ஊர் சொல்கிற காரணம். பழனியாண்டி மனதுக்குள் இருந்த காரணம் அழகுமுத்து. ஒரு நாள் விட்டால் போதும், பயல் கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொள்வான், பிறகு கோடாலி கொண்டு வெட்டினாலும் கழற்றமாட்டான்.

அம்மாக்கண்ணு அழுது பார்த்தாள், சோறு தின்னாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் கொழுந்துக் கூடையைத் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டு நேரே காமன் பொட்டலுக்குப் போனாள். கம்பம் நட்டிருக்கிற அந்த இடத்தில் மாஸ்டரும் கூத்துக் கமிட்டிக்காரர்களும் உட்கார்ந்து, எரிப்பு நாளுக்கு வாணவெடி எத்தனை வாங்குவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்த விசயத்தைச் சொன்னதும் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வழக்கம் வழக்கம்தான், அப்பன் பாட்டன் போட்ட சட்டம், அதில் கைவைக்க நான் யார் என்று நீட்டி முழக்கினார். அவர் முடிக்கிற வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"மாஸ்டர், ஒங்க கதையில எமன் உசுரெடுக்கப் போறப்ப, இது எந்தத் தோட்டம், எல்லை எதுன்னு பாத்துக்கிட்டா போறாரு?"

 மாஸ்டர் கண்ணைத் திறந்தார். ரதி தாண்டக் கூடாது, மதன் தாண்டக் கூடாது, சரி. எமனுக்கு எல்லை போட யாரால் முடியும்? ஏட்டில் அப்படி ஒன்றும் இல்லையே. ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு யோசித்தார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது. பழனியாண்டி என்கிற ஆள் எல்லை தாண்டக் கூடாது, ஆனால் எமன் தாண்டலாம். ஆகவே கிரீடம், மீசை, கயிறு, கதாயுதம், கரிப்பூச்சு எல்லாவற்றோடும்தான் போக வேண்டும், எல்லைக்கு வெளியே வேசத்தைக் கலைக்கக் கூடாது. எமனாகவே திரும்பி வர வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அழகுமுத்து கூடவே போவான்.

அம்மாக்கண்ணு கும்பிட்டாள். போகிற வழியில் அவரைக் கோமாளியாக்கினாலும் சரி, ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் போதும் அவளுக்கு.

லியனார்ட்டின் ஓட்டோவில் புறப்பட்டார்கள். லியனார்ட் வேதக்காரர், அந்தோனியார் படத்தை முன்னால் ஒட்டி வைத்திருக்கிறவர். எமனை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போவது நல்லதா என்று அந்தோனியாரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். கிரீடம் கூரையில் முட்டியதால் எமன் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்த பஸ் டிரைவர் ஒருவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நானுஓயாவில் பொலிஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்து, லைசன்சைக் கேட்கக் குனிந்தவர், உள்ளே இருந்த முகத்தைப் பார்த்து, லைசன்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சீக்கிரம் போங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நான்கடி பின்னால் போய் நின்றார்.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசை வாசல் வரை நின்றது. எமன் உள்ளே நுழைந்தார். வரிசை இருந்த இடத்தில் வரிசை இல்லை. முழங்கால் வலி என்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வந்த கிழவர் ஒருவர், தாங்கியவர்களை விட்டுவிட்டு முதலில் வெளியே ஓடினார். கால் கட்டோடு தள்ளுவண்டியில் கிடந்தவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, தான் ஏற்கெனவே போய்விட்ட மாதிரி அசையாமல் கிடந்தான். இந்த அமர்க்களத்தில் பழனியாண்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாசக்கயிற்றை ஒரு சுழற்றுச் சுழற்றிச் சிரிக்கப் போனார். அம்மாக்கண்ணு அவர் இடுப்பில் ஒரு கிள்ளு வைத்தாள்.

டொக்டர் யூஜினா, ஹட்டன் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. தமிழில் பேசினாள். எமனைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். இந்த வேலைக்கு வந்து எத்தனை பேரை உங்களிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன், சண்டை போட வந்தீர்களா என்று கேட்டாள். பழனியாண்டிக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப் போனது. சீனி மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டதற்கு, ஒரு நாள் தவறினது கிடையாது என்று மார்பைத் தட்டிச் சொன்னார்.

அழகுமுத்து எமன் கையிலிருந்த கதாயுதத்தை வாங்கினான். பால்மா டின்னைக் கம்பில் சொருகிப் பெயிண்ட் அடித்த கதாயுதம் அது. காதருகே கொண்டுபோய் ஆட்டினான். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

இந்த வருசம் எமன் நடக்கும்போது கதாயுதம் கிலுகிலுக்கிறதே, புது ஏற்பாடு போலிருக்கிறது என்று தோட்டமே மெச்சிய சத்தம்தான். மாத்திரையில் மாட்டெலும்புத் தூள் கலக்கிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறான். விரதம் கெட்டுவிடும் என்று காப்புக் கட்டிய நாளிலிருந்து மாத்திரையைத் தின்னுகிற மாதிரி வாயில் வைத்து, அம்மாக்கண்ணு திரும்பியதும் டின்னுக்குள் துப்பியிருக்கிறார் மனிதர். விரத நாளில் லட்டும் பாயசமும் மட்டும் விழுங்கலாமாம். அம்மாக்கண்ணு அவரைப் பார்த்த பார்வையில் உண்மையான எமனே ஒரு அடி பின்வாங்கியிருப்பார்.

டொக்டர் விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்த்தாள். மெஷினில் எண் வரவில்லை, சீனி அது அளக்கிற எல்லைக்கு மேல் என்று மட்டும் காட்டியது. அவள் சிரிப்பு பாதியாகக் குறைந்தது. முகத்தைத் துடைக்க வேண்டும் என்றாள். வேசத்தைக் கலைக்கக் கூடாது என்று அழகுமுத்து சட்டம் சொன்னான். அப்படியென்றால் ஒரு ஓரம் மட்டும் என்று பஞ்சில் எண்ணெய் தொட்டு வலது மூக்கோரத்தை இழுத்தாள். கரி வந்தது, தோல் தெரிந்தது. இடது மூக்கோரத்தை இழுத்தாள். பஞ்சு சுத்தமாக வந்தது. கறுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

இடது கன்னத்தில் ஊசி நுனியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். எப்போது தொடப் போகிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தாள். மேலண்ணத்தில் இடது பக்கம், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு.

டொக்டர் டோர்ச்சை அணைத்தாள்.

"ஐயா, வாய்க்குள்ள யாரு கரி பூசினது?"

பழனியாண்டி பதில் தேடி மனைவியைப் பார்த்தார். அவளுக்கு என்ன தெரியும்? 

டொக்டர் அவளை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். பழைய பாண் ரொட்டியில் பூசணம் பிடிக்கிறதே, அந்தச் சாதிதான். மண்ணில், அழுகின இலையில், காற்றில் எங்கும் இருக்கிறது. எல்லாரும் மூச்சோடு இழுக்கிறோம், ஒன்றும் செய்யாது. சீனி கட்டுக்கடங்காமல் ஏறின உடம்பு கிடைத்தால் மூக்குக்குள் முளைத்து, இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். லயத்துக்கு வருகிற தண்ணிக் குழாய் அடைத்தால் அந்தப் பக்கத்து வீடுகள் காய்ந்து போகிற மாதிரி, இரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துவிடும். அபூர்வமாகத்தான் வரும். வந்தால் மூக்கிலிருந்து கண்ணுக்குப் போகும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும். நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. இப்போதே கண்டிக்கு அனுப்ப வேண்டும், செத்த சதையையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டும், கண் தப்புமா என்று சொல்ல முடியாது. அம்மாக்கண்ணு, கண் போனால் போகட்டும், ஆள் தப்புமா என்று கேட்டாள். இன்றைக்குப் போனால் வாய்ப்பு இருக்கிறது என்றாள் டொக்டர்.

அழகுமுத்து கையை உயர்த்தி, கிரீடம் மீசையெல்லாம் வழியாக இது இன்னொருத்தருக்குத் தொற்றுமா என்று கேட்டான். தொற்றாது என்று டொக்டர் சொன்னதும் அவன் விட்ட மூச்சில் மேசையில் இருந்த தாள்கள் பறந்தன. பழனியாண்டி அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் இறுகிப் போயிற்று. காமன் எரிகிற வரைக்கும் எங்கேயும் வருவதில்லை, எரிந்த மறுநாள் தானே வந்து படுத்துக்கொள்கிறேன், வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை இருக்க மாட்டீர்கள் என்றாள் டொக்டர். இருப்பேன், என் உடம்பு எனக்குத் தெரியும் என்று எழுந்து கதாயுதத்தைக் கையில் எடுத்தார். அது கலகலவென்றது.

அறைக்குள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மாக்கண்ணு வாசலை மறித்து நின்றாள். அவளுக்கு அடிக்க வேண்டும் போல் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. 

"இத்தன வருசமா எல்லார் வீட்டுக்கும் எமனாப் போனீங்க. ஒரு வார்த்தை சொன்னேனா? நம்ம வீட்டுக்கு மட்டும் வந்துராதீங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், வந்துராதீங்க."

கும்பிடவும் செய்தாள், தட்டில் வைத்துக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல்.

பழனியாண்டியின் நல்ல கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு, கரியில் கோடு போட்டு இறங்கியது. அவர் கிரீடத்தைக் கழற்றினார். மீசையைப் பிய்த்தார். காப்புக் கட்டின கையை அழகுமுத்துவிடம் நீட்டினார். முடிச்சு அவிழவில்லை, அவன் குனிந்து பல்லால் கடித்து அறுத்தான். பழனியாண்டி அந்த நிலையிலும் விடவில்லை. சிரிப்பை அடிவயிற்றிலிருந்து எடுக்கணும், தொண்டையிலிருந்து எடுத்தால் இருமல் வரும், தட்டில் மிச்சம் வைக்காதே, மீனம்மா வீட்டு லட்டு கல்லு மாதிரி இருக்கும் பார்த்துக் கடி என்று வரிசையாகச் சொன்னார். அழகுமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆட்டினான்.

அவரை அம்புலன்சில் ஏற்றியாயிற்று. எமனாகவே திரும்பி வர வேண்டும் என்பது கமிட்டியின் தீர்ப்பு என்பதால், அழகுமுத்து வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்று, ஓட்டோ கண்ணாடியைப் பார்த்து மீசை ஒட்டிக்கொண்டு, லியனார்ட்டோடு தோட்டத்துக்குப் போனான். நானுஓயாவில் நின்றிருந்த அதே பொலிஸ்காரர், போன எமன் வேறு, வருகிற எமன் வேறு என்று கண்டுகொண்டு, இதற்கெல்லாம் ட்ரான்ஸ்பர் உண்டா என்று லியனார்ட்டிடம் விசாரித்தாராம்.

கண்டியில் பழனியாண்டியை மூன்று தடவை வெட்டினார்கள். மூக்குக்குள் சுரண்டி, கன்ன எலும்பில் ஒரு பங்கை எடுத்து, அண்ணத்தில் பாதியை எடுத்தார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து உடம்பைக் குளிரில் போட்டு உலுக்கியது. அம்மாக்கண்ணு கட்டிலடியில் கிடந்து, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். லியனார்ட்டின் அந்தோனியாரையும் விடவில்லை. ஒரு நாள் காலையில் டொக்டர்மார் கட்டிலைச் சுற்றி நின்று பேசி, கறுப்பு நின்றுவிட்டது, ஆள் தப்பிவிட்டார் என்றார்கள். அவள் வெளியே போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

உயிர் வந்தது, குரல் வரவில்லை. பேசினால் பேச்செல்லாம் மூக்கு வழியாகப் போனது. கஞ்சி குடித்தால் அதுவும் மூக்குக்கு வந்தது. அண்ணத்து ஓட்டையை மூட ஒரு தகடு செய்து தருவார்கள், பேச்சு திருந்தும், ஆனால் பழைய சிரிப்பு வராது என்று அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

இதற்கிடையில் காமன் எரிந்து உயிரும் எழும்பிவிட்டான். லியனார்ட் அவள் போனுக்கு வீடியோ அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அழகுமுத்து எமனாக வந்து சிரித்த சிரிப்பில் தப்படிக்கிறவர்களுக்குக் கை தவறியது. சிவனே ஒரு அடி நகர்ந்து நின்றார். பொட்டலே எழுந்து விசிலடித்தது. மாஸ்டர் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். இப்படி ஒரு எமனைக் கண்டதே இல்லை என்று யாரோ கத்துவதும் கேட்டது. அம்மாக்கண்ணுவுக்கு வயிறு எரிந்தது. நல்லா இருக்கட்டும், ஆனால் இந்தப் பயல் இங்கே வந்து பெருமை பேசக் கூடாது, வந்தால் பஸ் வழியில் இறம்பொடையில் பழுதாகி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பஸ் பழுதாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோடம்பழப் பையோடு அழகுமுத்து வந்து நின்றான்.

பழனியாண்டி தலையைத் திருப்பினார். ஒரு கண்ணும் பாதி முகமும் கட்டுக்குள் இருந்தன. மூக்கு வழியாக ஏதோ கேட்டார். அழகுமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாக்கண்ணுவுக்கு மட்டும்தான் அந்தப் பாசை இப்போது விளங்கும்.

"எமன் ஆட்டம் எப்படி வந்துச்சுன்னு கேக்குறாரு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அழகுமுத்து அந்த முகக்கட்டைப் பார்த்தான். தோடம்பழப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"அசிங்கமாப் போச்சுங்கண்ணே. சிரிக்கப் போயி இருமிட்டேன். பொட்டலே சிரிச்சிருச்சு."

பழனியாண்டியின் கண் விரிந்தது. அழகுமுத்து அதோடு விடவில்லை. கிரீடம் மூக்குக்கு இறங்கிவிட்டதாம், பாசக்கயிறு காலில் சிக்கி ரதி மடியில் போய் விழுந்தானாம், மதன் எரிந்து கிடந்தபடியே சிரித்தானாம், மீனம்மா வீட்டு லட்டைக் கடித்து அவனுக்கு ஒரு பல் ஆடுகிறதாம். மாஸ்டர் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பழனியாண்டியின் பாதி முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை. அவர் கையை ஆட்டி ஆட்டி, மூக்கால் அவனைத் திட்டினார். அடிவயிற்றிலிருந்து எடுக்கச் சொன்னேனே, சொன்னேனா இல்லையா என்று கேட்கச் சொன்னார். அவள் கேட்டாள். சொன்னீங்க அண்ணே, எனக்குத்தான் வரலை என்றான் அவன். பரவாயில்லை, அடுத்த வருசம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிடுகிறேன், எமன் எல்லாருக்கும் வருவதில்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு, திருப்தியாகத் தலையணையில் சாய்ந்தார் பழனியாண்டி. சாய்ந்தவர் திரும்பக் கண்ணைத் திறந்து, லியனார்ட் வீடியோ எடுத்திருப்பானே, காட்டு என்று மனைவியிடம் கையை நீட்டினார்.

அவள் போன் இடுப்பில்தான் இருந்தது. அனுப்பவில்லை, வெட்கமாக இருந்திருக்கும் என்றாள். அவர் அதையும் நம்பி, இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டுத் தூங்கிப் போனார்.

இருவரும் வெளியே வந்தார்கள். அம்மாக்கண்ணு போனை எடுத்து அந்த வீடியோவை அழிக்கப் பார்த்தாள். அழகுமுத்து பக்கத்தில் வந்து நின்றான். அவனிடம் இருந்தது பட்டன் போன், வீடியோவெல்லாம் அதில் வராது.

"மதினி, அழிக்க முன்ன ஒருக்கா பாக்கலாமா? நான் உள்ள ஆடிக்கிட்டிருந்தேனே, நான் பாக்கலயே."

அவள் உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் போனை அவன் கையில் கொடுத்தாள். சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரிக்கிற எமனை அவன் கடைசி வரை பார்த்தான். பார்த்து முடித்ததும் எதை அழுத்த வேண்டும் என்று கேட்டு, அவனே அழித்தான்.